நைட்ரஸ்: பூட்டி வைக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பொறியியல் பிரிவு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்து கேட்டதும், நண்பர்கள் ஆளுக்கொரு தலைப்பை அள்ளி வீசினார்கள். 'ஒழுக்கம் உயர்வு தரும்' என்றான் ஒருவன். 'வேலை வாய்ப்பும் இளைஞர்களும்' என்றான் இன்னொருவன். 'காதல் கவிதை எழுதுடா, அதைத்தான் எல்லாரும் படிப்பாங்க' என்றது கடைசி பெஞ்ச். எனக்குக் கவிதை வராது. கையில் கிரீஸ் படிந்தவனுக்கு என்ஜினைப் பற்றித்தான் பேச வரும். அதனால், எங்கள் விடுதியில் விளக்கை அணைத்த பிறகும் அணையாமல் நடக்கிற ஒரு சண்டையை இங்கே பகிரங்கமாக எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு சின்ன கார் என்ஜினுக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கலாமா? கொடுத்தால் அது பிழைக்குமா?

இந்தச் சண்டையில் இரண்டு கட்சி உண்டு. 'பாட்டிலை மாட்டு, பட்டனை அமுக்கு, எண்ணூறு வண்டியே ஏரோப்ளேன் ஆயிடும்டா' என்பது ஒரு கட்சி. இவர்களுக்கு 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம்தான் பாடநூல். 'ஐயோ, அது வெடிகுண்டு! தொட்டா பிஸ்டன் உருகிடும்' என்பது எதிர்க்கட்சி. இவர்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள், சில ஆசிரியர்களும் சேர்த்தி. நான் மூன்றாவது கட்சி. நைட்ரஸ் தானாக என்ஜினைக் கெடுப்பதில்லை, கணக்குப் போடாத கைதான் கெடுக்கிறது என்பது என் கட்சியின் கொள்கை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் நம்முடைய என்ஜின் லேப்; நெடுஞ்சாலை கிடையாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. எண்களோடு சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மயக்க மருந்து வேக மருந்தானது எப்படி?

நைட்ரஸ் ஆக்ஸைடு புதுச் சரக்கு அல்ல. 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி தயாரித்த வாயு இது. 1799-ல் ஹம்ப்ரி டேவி தானே முகர்ந்து பார்த்து, 'சிரிப்பு வாயு' என்று பேர் வாங்கிக் கொடுத்தார். 1844-ல் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் பல் பிடுங்கும் வலியை மறக்கடிக்க இதைப் பயன்படுத்தினார். என்ஜினுக்குள் இது பெரிய அளவில் புகுந்தது இரண்டாம் உலகப் போரில். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது, என்ஜின் மூச்சுத் திணறுகிறது. அந்தக் குறையைத் தீர்க்க ஜெர்மனி தன் விமானங்களில் 'ஜிஎம்-1' என்ற பெயரில் நைட்ரஸை ஊட்டியது. பிரிட்டனும் தன் மொஸ்கிட்டோ விமானங்கள் சிலவற்றில் இதைச் செய்தது. கார் பந்தயக்காரர்கள் பிறகு இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1978-ல் கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கி, கிட்டாக விற்க ஆரம்பித்தார்கள்.

இந்த வாயு எரியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரஸ் ஓர் எரிபொருள் அல்ல, எரிபொருளை எரிக்க உதவும் ஆக்ஸிஜனைச் சுமந்து வரும் கூலியாள். இரண்டு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்ஸிஜன் அணு சேர்ந்தது ஒரு மூலக்கூறு. எடைக் கணக்கில் 44-க்கு 16, அதாவது 36 சதவீதம் ஆக்ஸிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் எடைக்கு 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் இந்த மூலக்கூறு உடைந்து ஆக்ஸிஜனை அவிழ்த்து விடுகிறது. உடையும்போது தானும் கொஞ்சம் வெப்பத்தைக் கொடுக்கிறது. போதாததற்கு, திரவமாகப் பாட்டிலில் இருப்பது வெளியே வந்ததும் கழித்தல் 88 டிகிரியில் கொதித்து ஆவியாவதால், உள்ளே போகும் காற்றையும் குளிர வைத்து அடர்த்தியாக்குகிறது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்!

ஆனால் ஆக்ஸிஜன் கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எல்லாத் தகராறும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எண்ணூறின் கணக்கு

உதாரணத்துக்கு நம் எல்லாருக்கும் தெரிந்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்து 2014-ல் உற்பத்தி நின்று போன வண்டி. அதன் எஃப்8பி என்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 37 குதிரைத்திறன். மோர்ஸ் டெஸ்ட் செய்வதற்காக எத்தனையோ கல்லூரி லேப்களில் நிற்கும் என்ஜின் இதுதான்.

இந்த என்ஜின் 5000 ஆர்.பி.எம்.-ல் முழு மூச்சில் ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 30 கிராம் காற்றைக் குடிக்கிறது. அதில் ஆக்ஸிஜன் சுமார் 7 கிராம். இப்போது 10 எச்.பி. கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவக் கணக்குப்படி அதற்கு வினாடிக்கு சுமார் 4.5 கிராம் நைட்ரஸ் போதும். அதிலிருந்து வரும் ஆக்ஸிஜன் 1.6 கிராம். ஆக, ஆக்ஸிஜன் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது, சக்தி கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகக் கூடுகிறது. குளிர்ச்சியும், வாயு உடையும் வெப்பமும் மிச்சத்தை ஈடுகட்டுகின்றன. கணக்கு ஒத்துப் போகிறதா? போகிறது.

அடுத்து பெட்ரோல். ஒரு மூலக்கூறு ஆக்டேனை முழுதாக எரிக்க 25 மூலக்கூறு நைட்ரஸ் வேண்டும். எடையில் 114-க்கு 1100, அதாவது 1-க்கு சுமார் 9.6. காற்றுக்கு நாம் படித்த 14.7 இங்கே செல்லாது. பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் பெட்ரோலைத் தாராளமாக விட்டு 8-க்கு 1 என்று வைத்தால், வினாடிக்கு 0.56 கிராம். முக்கால் மில்லிலிட்டர்! சொட்டு மருந்து அளவுதான். இந்த முக்கால் மில்லி வந்தால் என்ஜின் சிரிக்கும், வராவிட்டால் அழும்.

இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே வேலைக்கு எடையில் சுமார் 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். வெளிநாட்டுக் கிட்டோடு வரும் ஜெட் அட்டவணையை அப்படியே நம்பினால், நம் ஊர் பெட்ரோலுக்கு அது பத்தாமல் போகும். அட்டவணையை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள் என்கிறேன். அளப்பதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். நைட்ரஸ் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, நெருப்பு கிட்டே இல்லாத இடத்தில், பெட்ரோல் நாசிலை மட்டும் ஒரு அளவு ஜாடிக்குள் ஒரு நிமிடம் திறந்து விட்டால் 45 மில்லி சேர வேண்டும். பாட்டிலைத் தராசில் நிறுத்து, 10 வினாடி ஓட்டிவிட்டு மறுபடி நிறுத்தால் 45 கிராம் குறைய வேண்டும். ஒரு ஜாடி, ஒரு தராசு, ஒரு ஸ்டாப் வாட்ச். மூன்றுமே நம் கல்லூரியில் இருக்கின்றன.

எங்கே உடைகிறது?

எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் ஒருவர், நடுவில் ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டனை மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறார். 'கேஸ் போட்ட வண்டி தம்பி... பெட்ரோல் பத்தலை' என்பார். ஆறு வார்த்தையில் ஒரு அத்தியாயத்தையே சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பிஸ்டனுக்கான கலவை அதற்கும் முன்பே இளகும். எரியும் வாயுவோ 2000 டிகிரியைத் தாண்டுகிறது. அப்படியிருந்தும் பிஸ்டன் ஏன் தினமும் உருகுவதில்லை? அதன் தலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வாயுப் படலம் ஒரு போர்வை போலக் காக்கிறது. பெட்ரோல் பத்தாமல் லீன் ஆனால் சூடு ஏறி, மிச்சக் கலவை தானே வெடித்து 'நாக்' ஆகிறது. நாக் அடிக்கும்போது அந்த அதிர்ச்சி அலை போர்வையைக் கிழித்துவிடுகிறது. அப்புறம் பிஸ்டனுக்கு யார் காவல்? ரிங் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் விளிம்பு உடைவதும், ஹெட் கேஸ்கட் ஊதிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆகவே கார்புரேட்டர் வைத்த என்ஜினுக்கு நைட்ரஸை மட்டும் தனியாக ஊதுவது தற்கொலை. கார்புரேட்டர் தன் தொண்டை வழியே போகும் காற்றைப் பார்த்துத்தான் பெட்ரோல் கொடுக்கும். அதற்குப் பின்னால் நாம் நுழைக்கும் ஆக்ஸிஜன் அதற்குத் தெரியவே தெரியாது. நைட்ரஸுக்கு ஒரு சோலினாய்டு வால்வு, கூடுதல் பெட்ரோலுக்கு ஒரு சோலினாய்டு வால்வு என்று இரண்டும் சேர்ந்தே திறக்கும் 'வெட்' முறைதான் சரி. எம்.பி.எஃப்.ஐ. என்ஜினில் இன்ஜெக்டரை அதிக நேரம் திறக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் முறையும் உண்டு. ஆனால் சின்ன காரின் இன்ஜெக்டர் அதன் சொந்த என்ஜினுக்கு வேண்டிய அளவுக்கு மேல் பெரிதாக இருக்காது. அதனால் அங்கும் வெட் முறையே மேல்.

இரண்டாவது எதிரி டைமிங். நைட்ரஸ் கலந்த கலவை வேகமாக எரிகிறது. பழைய டைமிங்கிலேயே தீப்பொறி விட்டால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் அழுத்தம் உச்சிக்குப் போய் அதன் தலையில் குட்டும். இரண்டு டிகிரி தள்ளி வைத்து ஆரம்பிப்பது நல்லது. ஸ்பார்க் பிளக்கையும் ஒரு படி 'கோல்டு' ரகமாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது எதிரியைப் பலர் கவனிப்பதே இல்லை: குறைந்த ஆர்.பி.எம்.! நைட்ரஸ் ஜெட் வினாடிக்கு இத்தனை கிராம் என்று கொட்டிக்கொண்டே இருக்கும். என்ஜின் வேகம் அதற்குக் கவலை இல்லை. 5000-ல் வினாடிக்கு 125 முறை சிலிண்டர்கள் மூச்சு இழுக்கின்றன, ஒரு மூச்சுக்கு 36 மில்லிகிராம் நைட்ரஸ். 2000-ல் வினாடிக்கு 50 மூச்சுதான், ஒரு மூச்சுக்கு 90 மில்லிகிராம்! டார்க் கணக்கில் பார்த்தால், 5000-ல் கூடுவது 14 நியூட்டன் மீட்டர். 2000-ல் அதே 10 எச்.பி. வந்தால் கூடுவது 36 நியூட்டன் மீட்டர். மொத்தமே 60 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கிற என்ஜின் இது. கனெக்டிங் ராடு, கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் 'என்னை விட்டுடுங்க' என்று கும்பிடும். டாப் கியரில் மெதுவாக உருண்டுகொண்டே பட்டனை அமுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர் வெயில்

கிட் தயாரிப்பவர்கள் பாட்டில் அழுத்தம் 62-லிருந்து 69 பார் வரை இருக்கும் என்று எண்ணி ஜெட் கணக்குப் போடுகிறார்கள். நைட்ரஸின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 50 பார், 30 டிகிரியில் சுமார் 63 பார். குளிர் நாடுகளில் அழுத்தம் பத்தாமல் பாட்டிலுக்கு எலக்ட்ரிக் போர்வை போர்த்துகிறார்கள்.

நமக்குப் பிரச்சினை நேர் எதிர். 36.4 டிகிரிதான் நைட்ரஸின் மாறுநிலை வெப்பம். அதற்கு மேல் பாட்டிலுக்குள் திரவம், ஆவி என்ற பேதமே இருக்காது. அழுத்தம் 72 பாரைத் தாண்டி விறுவிறுவென்று ஏறும். முழுதாக நிரப்பிய பாட்டில் 50 டிகிரியில் 100 பாருக்கு மேலே போய்விடும். சித்திரை மாதம் கரூரிலோ வேலூரிலோ வெயிலில் நிற்கும் காரின் டிக்கி எத்தனை டிகிரி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஜெட் கணக்கு அங்கேயே செத்துவிட்டது. ஒரு நேரம் வாயு அதிகமாக வரும், இன்னொரு நேரம் அடர்த்தி குறைந்து வரும். கூடவே வரும் பெட்ரோலோ மாறாது. நம் நாட்டில் நைட்ரஸ் வைக்க நினைக்கிறவன் முதலில் வாங்க வேண்டியது அழுத்தம் காட்டும் ஒரு கேஜ். அடுத்தது பாட்டிலை நிறுத்தி வைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி. லேப் என்றால் காலை முதல் பீரியடே நல்ல நேரம், இயற்கையே 30 டிகிரியை இனாமாகத் தருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. 'எரியாத வாயுதானே' என்ற தைரியம் கூடாது. 2007 ஜூலையில் அமெரிக்காவின் மொஹாவியில், விண்வெளி வாகனத்துக்கான சோதனையில் நைட்ரஸை வெறுமனே குழாய் வழியே பாய விட்டபோது வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். தீ மூட்டவே இல்லை! 2016-ல் ஃப்ளோரிடாவில் ஒரு நைட்ரஸ் ஆலை வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். அடைபட்ட இடத்தில் சூடேறினால் இந்த வாயு தானே உடைந்து வெடிக்க வல்லது. எண்ணெயோ கிரீஸோ கலந்திருந்தால் இன்னும் மோசம். அதனால் நைட்ரஸ் வால்வை, குழாயை, நட்டைத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும். 'டைட் ஆகலை, கொஞ்சம் கிரீஸ் தடவு' என்ற பேச்சே கூடாது.

பூட்டுக்கு மேல் பூட்டு

ஒரு பட்டன், ஒரு பாட்டில் என்பது சினிமா. உண்மையான அமைப்பில் நான்கு அனுமதி கிடைத்த பிறகே வால்வு திறக்க வேண்டும். ஒன்று, டிரைவர் போடும் முதன்மை சுவிட்ச். இரண்டு, ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதிபட்டால் மட்டும் இணையும் மைக்ரோ சுவிட்ச். மூன்று, 3000-க்குக் கீழும் 5500-க்கு மேலும் துண்டித்துவிடும் ஆர்.பி.எம். சுவிட்ச். நான்கு, பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் நைட்ரஸை வெட்டிவிடும் பிரஷர் சுவிட்ச். நான்கையும் ரிலேவோடு வரிசையாகக் கோர்க்க வேண்டும், ஒன்று 'இல்லை' என்றால் எல்லாம் 'இல்லை'. முதல் வருடம் படித்த சீரீஸ் சர்க்யூட்தான், வேறொன்றும் இல்லை! பழைய எண்ணூறில் இருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பை நம்பாமல், நைட்ரஸ் பக்கத்துக்குத் தனி எலக்ட்ரிக் பம்ப் வைப்பது நல்லது.

ஓட்டி முடித்ததும் பாட்டில் வால்வை மூட வேண்டும். சோலினாய்டு கசிந்து மேனிஃபோல்டு முழுக்க நைட்ரஸ் தேங்கியிருக்கும்போது சாவியைத் திருப்பினால், இன்டேக் மேனிஃபோல்டே வெடிக்கும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் சர்வீஸ் பிட்டுக்குள் போய்த் தேங்கும். குழியில் இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டும். மூடிய அறையில் இந்த வேலையே கூடாது. காருக்குள் வைத்தால் பாதுகாப்புத் தகட்டின் வாய் வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

இதெல்லாம் மாட்டுவதற்கு முன்பு என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கம்ப்ரெஷன் டெஸ்டில் மூன்று சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், நைட்ரஸை மறந்துவிட்டு ரிங் மாற்றுங்கள். நோஞ்சானைக் குஸ்திக்கு அனுப்பக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பளபளவென்று சின்னச் சின்னப் புள்ளி இருந்தால் அது பிஸ்டனின் கண்ணீர். உடனே நிறுத்த வேண்டும்.

கம்பெனி என்ஜினுக்கு என் கணக்கில் எல்லை, அதன் சொந்த சக்தியில் கால் பங்கு. 37-க்கு 10, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டி சொன்னது எண்ணூறுக்கும் பொருந்தும்.

நண்பர்கள் சிலர் வேறு நோக்கத்தோடு கேட்பதால் ஒரு வார்த்தை. இது மூக்குக்கு உரிய பொருள் அல்ல. தொடர்ந்து முகர்ந்தால் உடம்பிலுள்ள பி12 வைட்டமின் செயலிழந்து நரம்பு கெடும், கால் மரத்து நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. 2023 நவம்பரில் பிரிட்டன் இதைப் போதைப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. வெளிநாட்டில் காருக்கென்று விற்பதில் கந்தக டை ஆக்ஸைடு கலந்து வைப்பதும், யாரும் முகரக் கூடாது என்றுதான்.

சாலை வேண்டாம்

இவ்வளவு சொன்ன பிறகும் 'சரி, நம்ம வண்டியிலே மாட்டி பைபாஸ்ல விடலாமா?' என்று கேட்பவனுக்கு என் பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாலையில் பந்தயம் ஓட்டுவது பிரிவு 189-ன் கீழ் தனிக் குற்றம். அமுக்கிய வாயுவை நிரப்பவும் வைத்திருக்கவும் 2016-ம் ஆண்டு வாயு உருளை விதிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி நீல பாட்டிலிலிருந்து திருட்டுத்தனமாக மாற்றி நிரப்புவது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம்.

சட்டத்தை விடுங்கள், பௌதிகம் என்ன சொல்கிறது? வேகம் 100-லிருந்து 120 ஆனால் இயக்க ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. நாம் மாட்டியது பாட்டில் மட்டும்தான். பிரேக் அதே பிரேக், அந்தப் 12 அங்குல டயரும் அதே டயர். என்ஜின் பிழைத்தாலும், குறுக்கே சைக்கிளில் வருகிற பெரியவர் பிழைக்க வேண்டாமா?

வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது யார் பெயர் தெரியுமா? கோவைக்காரரான கரிவரதன், இதே எண்ணூறு என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியவர். பாட்டில் எதுவும் இல்லாமலே, எடையைக் குறைத்து, அந்தச் சின்ன என்ஜினைப் பந்தயக் குதிரை ஆக்கிக் காட்டினார். எத்தனையோ தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் அந்தக் கார்களில்தான் பாடம் படித்தார்கள். நமக்கு வழி காட்ட ஹாலிவுட் வேண்டாம், கோயம்புத்தூரே போதும்!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

இங்கேதான் என் கட்டுரையின் உண்மையான விஷயம் இருக்கிறது. லேப்பில் நைட்ரஸ் என்ற பேச்சை எடுத்தால், 'அதெல்லாம் வேண்டாம்பா, மார்க் வாங்குற வழியைப் பாரு' என்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பூட்டி வைத்ததால் ஆசை அடங்கியதா? வகுப்பில் கேட்க முடியாத கேள்வியை மாணவன் தெருப் பட்டறையில் கேட்கிறான். அங்கே அவனுக்குக் கிடைப்பது பாதி பதில். பாட்டிலை எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள், எப்போது மூட வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அந்த மீதிப் பாதியைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் அல்லவா, சார்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உரிமம் பெற்ற இடத்தில் நிரப்பிய, சோதனை முத்திரை உள்ள ஒரு 4.5 கிலோ பாட்டில். வினாடிக்கு 4.5 கிராம் என்றால் மொத்தம் 1000 வினாடி வரும். பத்துப் பத்து வினாடியாக ஓட்டினால் 100 ஓட்டம், ஒரு வகுப்புக்கே தாராளம். கண்டத்துக்குப் போன ஒரு வண்டியிலிருந்து ஒரு என்ஜின். லேப்பில் ஏற்கெனவே நிற்கும் டைனமோமீட்டர். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், திறந்த ஜன்னல்கள். முதல் நாள் கம்ப்ரெஷன் டெஸ்ட். அடுத்து நைட்ரஸ் இல்லாமல் சக்தி அளவு. பிறகு ஜாடியும் தராசும். அதற்குப் பிறகே 5 எச்.பி. ஜெட். பிளக் சுத்தமாக இருந்தால் 10. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, சார் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த படி.

'என்ஜின் போயிடுச்சுன்னா?' என்று கேட்பார்கள். போகட்டும் சார்! லேப்பில் ஒரு பிஸ்டன் உருகினால் அதை வெட்டி வைத்து, வரும் பத்து வருட மாணவர்களுக்குக் காட்டலாம். சாலையில் உருகினால் வெட்டி வைத்துக் காட்ட முடியாது. 'பசங்க கெட்டுப் போவாங்க' என்று இன்னொரு பயம். ஒரு தடவை தராசில் நிறுத்துப் பார்த்தவன், முக்கால் மில்லி பெட்ரோலின் அருமை தெரிந்தவன், கணக்குப் போடாமல் பட்டனை அமுக்க மாட்டான் என்று நான் நம்புகிறேன். எரிதல், நாக், வாயு விதி, சீரீஸ் சர்க்யூட், மாறுநிலை வெப்பம் என்று தனித்தனிப் புத்தகத்தில் தூங்கும் பாடங்கள் எல்லாம் ஒரே மேஜையில் எழுந்து உட்காரும் வேறு சோதனை இருந்தால் சொல்லுங்கள், நான் இந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. லேப் கதவு திறக்கும் வரை பாட்டிலைத் தொடாதீர்கள். திறந்த பிறகு, தராசைத் தொடாமல் பாட்டிலைத் தொடாதீர்கள். டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகும் நமக்கும், படம் பார்த்துவிட்டு ஸ்பானரைத் தூக்குகிறவனுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டும். அவன் எவ்வளவு வேகம் என்று கேட்பான். நாம் எத்தனை கிராம் என்று கேட்போம்.